47 வயதில் ஒரு டெல்லித் தங்கம்: ராபர்ட் வீலின் நீண்ட ஆட்டம்

டெல்லி காமன்வெல்த் விளையாட்டு என்றால் நம் ஊரில் பலருக்கும் நினைவில் நிற்பது ஊழல் புகார்களும், தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இடிந்து விழுந்த நடைமேம்பாலமும்தான். அந்தப் பாலம் விழுந்தது ஜவாஹர்லால் நேரு மைதானத்தை ஒட்டி. அதே வளாகத்தில், தடகள ஆரவாரத்துக்குச் சற்றுத் தள்ளி, 2010 அக்டோபரில் அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒரு போட்டி நடந்தது: புல்தளத்தில் பந்து உருட்டும் லான் பவுல்ஸ். ஆண்கள் ஒற்றையர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் லீஃப் செல்பியை வீழ்த்தித் தங்கம் வென்றவர் வேல்ஸ் நாட்டின் ராபர்ட் வீல். அப்போது அவருக்கு வயது 47.

அந்த முறை வேல்ஸ் மொத்தம் 19 பதக்கங்கள் வாங்கியது. அதில் தங்கம் இரண்டே இரண்டு. ஒன்று வீலுடையது, மற்றது 400 மீட்டர் தடை ஓட்டத்தில் டாய் கிரீன் வென்றது. கிரீன் 1986 ஏப்ரலில் பிறந்தவர். வீல் தன் முதல் காமன்வெல்த் தங்கத்தை வாங்கியது அதே 1986இன் கோடையில், எடின்பரோவில். ஒரே அணியில் தங்கம் வென்று வீடு திரும்பிய இருவரில், மூத்தவர் முதல் தங்கம் வாங்கியபோது இளையவர் தவழக்கூட ஆரம்பிக்காத கைக்குழந்தை.

இதைக் கேட்டதும் பலரும் சொல்வது: "சரி, அது வயசானவங்க ஆடுற ஆட்டம்தானே?" இதில் பாதி உண்மை உண்டு. ஓடவேண்டாம், குதிக்கவேண்டாம், யாரும் வந்து மோதப்போவதில்லை. ஆனால் வீலின் 24 ஆண்டுகளை விளக்க இந்தப் பாதி போதாது. உடம்பு தேயாத ஆட்டம் என்பதால் மட்டும் ஒருவர் உச்சத்தில் இருந்துவிட முடியும் என்றால், பிரிட்டனின் ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு சாம்பியன் இருக்கவேண்டும். அந்த 24 ஆண்டுகளில் வீல் ஆடியதும் ஒரே ஆட்டமல்ல. ஸ்காட்லாந்தின் மெதுவான புல், இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் கூரைக்குள் விரித்த கம்பளம், மெல்போர்ன், டெல்லி என்று தளம் மாறிக்கொண்டே இருந்தது. தளம் மாறினால் இந்த ஆட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாமே மாறும். ஏன் என்று புரிய, பந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேறு வழியில்லை.

புல்தளம் 31 முதல் 40 மீட்டர் நீளம். அதை நீளவாக்கில் ரிங்க் எனப்படும் பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு ரிங்கில். முதலில் ஜாக் என்ற சின்னப் பந்தை உருட்டி நிறுத்துவார்கள். பிறகு இரு தரப்பும் மாறி மாறிப் பெரிய பந்துகளை அதை நோக்கி உருட்டவேண்டும். எல்லாப் பந்தும் போய்ச் சேர்ந்ததும், எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிட ஜாக்குக்கு நெருக்கமாக நம் பந்துகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. இதற்கு ஒரு எண்ட் என்று பெயர். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்த எண்ட். ஒற்றையரில் ஒருவருக்கு நான்கு பந்து, நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு.

கோலி ஆடி வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஒரே ஒரு வில்லங்கம்: இந்தப் பந்து நேராகப் போகாது. ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள இந்தப் பந்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் வேறு வடிவில் கடையப்பட்டிருக்கும். உள்ளே ஈயம் எதுவும் கிடையாது, வடிவம் மட்டும்தான். கையை விட்ட வேகத்தில் பந்து ஏறக்குறைய நேராகப் போகும். வேகம் குறையக் குறைய அந்தப் பக்கமாகச் சாய்ந்து வளைய ஆரம்பிக்கும். நிற்கப்போகும் கடைசிச் சில மீட்டரில்தான் வளைவு அதிகம். பந்தின் இரு பக்கத்திலும் வட்டக் குறி இருக்கும். சிறிய வட்டம் உள்ள பக்கம்தான் வளையும் பக்கம். அதை மறந்து திருப்பிப் பிடித்துப் போட்டால் பந்து பக்கத்து ரிங்கை நோக்கி நடையைக் கட்டிவிடும். சர்வதேச ஆட்டக்காரர்களுக்கும் எப்போதாவது இது நேர்வதுண்டு, அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு கணக்கு. எவ்வளவு அகலமாக வெளியே அனுப்புவது, எவ்வளவு வேகம் கொடுப்பது. பவுல்ஸ்காரர்கள் முதலாவதை லைன் என்பார்கள், இரண்டாவதை வெயிட் என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. வெயிட் கொஞ்சம் கூடினால் பந்து வளையாமல் கடந்துபோகும். குறைந்தால் முன்கூட்டியே வளைந்து குறுக்கே வந்து நின்றுவிடும்.

இந்த இரண்டையும் தீர்மானிப்பது தளத்தின் வேகம். அதை நொடிகளில் அளப்பார்கள்: பந்து கையை விட்டதிலிருந்து சுமார் 27 மீட்டர் தள்ளிப் போய் நிற்கும்வரை எத்தனை நொடி. பிரிட்டனின் ஈரமான புல்லில் பத்து முதல் பன்னிரண்டு நொடி. நியூசிலாந்தில் பதினாறு, பதினெட்டு வரைகூடப் போகும். முதல்முறை கேட்பவர்கள் குழம்புவது இங்கேதான். அதிக நொடி எடுக்கும் தளம்தான் வேகமான தளம். காரணம், வழுவழுப்பான தளத்தில் பந்தை மெல்ல விட்டாலே அந்தத் தூரம் போய்ச் சேரும். மெல்ல விட்டதால் நேரம் அதிகமாகும். மெதுவான புல்லில் பலமாகத் தள்ளவேண்டியிருப்பதால் பந்து சீக்கிரம் போய் நின்றுவிடும்.

பத்து நொடித் தளத்தில் வளர்ந்தவர் பதினாறு நொடித் தளத்துக்குப் போனால் என்ன ஆகும்? அவர் கை இருபது ஆண்டுகளாகப் பழகிய தள்ளலில் பந்து ஜாக்கைத் தாண்டி, தளத்தின் முனையிலுள்ள பின்பள்ளத்தில் விழும். வேகத்தைக் குறைத்தால் பந்து அதிக நேரம் உருளும், அதிக நேரம் வளையும். அதனால் பழகிய கோட்டைவிட வெகு அகலமாக, பக்கத்து ரிங்குக்கே அனுப்புவதுபோல் குறி வைக்கவேண்டும். கண் ஒப்புக்கொள்ளாது. பூமியின் வடக்கிலிருந்து தெற்குக்குப் போகிறவர்களும் தெற்கிலிருந்து வடக்குக்கு வருகிறவர்களும் முதல் சில நாள் தடுமாறுவது இதனால்தான். அந்த நாள்களுக்குள் பழைய கையை மறந்து புதுக் கை பழகுகிறவர்கள் சிலரே. வீல் அந்தச் சிலரில் ஒருவர் என்பதுதான் அவருடைய வாழ்க்கைப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குப் படுவது.

அவர் 1963 ஏப்ரலில் பிறந்தவர். ஊர் பிரஸ்டீன். இங்கிலாந்து எல்லையில், லக் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஒரு காலத்தில் ராட்னர்ஷயரின் தலைமை ஊர், இன்று மூவாயிரம் பேர்கூட இல்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர். வேல்ஸ் விளையாட்டு என்றதும் நினைவுக்கு வரும் தெற்குப் பள்ளத்தாக்குகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் ரக்பிப் பைத்தியமும் இந்தப் பக்கம் கிடையாது. ஆடும் மாடும் மேய்கிற மலைச்சரிவு. கொஞ்ச தூரத்தில் லாண்ட்ரின்டோட் வெல்ஸ் என்ற பழைய ஊற்றுநீர் நகரத்தில் பேர்பெற்ற பவுல்ஸ் தளங்கள் உண்டு. வேல்ஸின் தேசியப் போட்டிகள் அங்கே பலமுறை நடந்திருக்கின்றன.

வேல்ஸில் பவுல்ஸ் ஒரே மாதிரி பரவவில்லை. வடக்கில், இங்கிலாந்தின் லங்காஷயர் பாணியில், நடுவே மேடுகட்டிய தளத்தில் எந்தத் திசையிலும் உருட்டும் வேறு வகை ஆட்டம். தெற்கிலும் நடுப்பகுதியிலும் சமதளத்தில் ரிங்க் பிரித்து ஆடுவது. காமன்வெல்த்தில் இருப்பது இதுதான். தெற்கில் இது வேரூன்றியதில் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழில் சட்டம், தோண்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நல நிதிக்கு ஒதுக்க வைத்தது. அந்தப் பணத்தில் நூலகம், மன்றம், விளையாட்டுத் திடல், கூடவே பவுல்ஸ் தளங்களும் வந்தன. எட்டு மணி நேரம் நிலத்துக்கடியில் குனிந்து நின்றவர்கள் மாலை வெளிச்சத்தில் புல்மேல் நின்று ஆடினார்கள். மேட்டுக்குடி ஆட்டம் என்ற நம் எண்ணத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான்.

அந்த மண்ணிலிருந்து வந்தவர் மால்ட்வின் இவான்ஸ். ரோண்டா பள்ளத்தாக்கின் கெல்லி பார்க் ஆட்டக்காரர். 1972இல் இங்கிலாந்தின் வொர்திங் நகரில் நடந்த உலகத் திறந்தவெளிப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். அதற்கு முந்தைய போட்டியில், அதாவது 1966இல் சிட்னியில் நடந்த முதல் உலகப் போட்டியில், பட்டம் வென்றவர் இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட். வாயில் புகையிலைக் குழாயோடு தொலைக்காட்சியில் தெரிந்த முகம். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர். பெண்களில் வேல்ஸின் ஜேனட் அக்லண்ட் 1988இல் ஆக்லாந்தில் உலக ஒற்றையர் பட்டம் வென்றார். வீலுக்கு முன்னால் வழி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். சின்ன நாடு, ஆனால் பவுல்ஸில் சின்ன நாடு இல்லை.

1986 எடின்பரோ ஒரு வினோதமான விளையாட்டு விழா. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுமீது பொருளாதாரத் தடை விதிக்க மார்கரெட் தாட்சர் அரசு மறுத்ததைக் கண்டித்து 32 நாடுகள் வராமல் இருந்துவிட்டன. ஆப்பிரிக்கா, ஆசியா, கரீபியன் பெரும்பாலும் காலி. இந்தியாவும் போகவில்லை. தடகளத்திலும் குத்துச்சண்டையிலும் அது பெரிய ஓட்டை. பவுல்ஸை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஆட்டத்தின் வலுவான நாடுகளான ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, கனடா எல்லாம் வந்திருந்தன. வராதவற்றில் பெரிய பவுல்ஸ் சக்தி என்றால் தென்னாப்பிரிக்காவேதான். 1976இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உலகப் போட்டியில் எல்லாப் பிரிவுகளையும் அள்ளிய நாடு அது. ஆனால் 1961இலேயே காமன்வெல்த்தை விட்டு வெளியேறியிருந்தது. ஆகவே அந்தத் தங்கத்தைப் புறக்கணிப்பால் கிடைத்த தங்கம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

வீல் அங்கே ஆடியது நால்வர் ஆட்டத்தில். கூட இருந்தவர்கள் வில்லியம் தாமஸ், ஹாவட் தாமஸ், ஜிம் மார்கன். வீலுக்கு வயது 23. பெண்கள் நால்வர் தங்கமும் வேல்ஸுக்கே. ஒரே விழாவில் இரண்டு நால்வர் தங்கமும்.

நால்வர் ஆட்டம் வேறு உலகம். முதல் ஆள், நின்று பந்து விடுவதற்கான பாயைப் போட்டு, ஜாக்கை உருட்டி, ஆரம்பப் பந்துகளை நெருக்கமாக வைக்கவேண்டும். இரண்டாவது ஆள் அதைப் பலப்படுத்த வேண்டும். மூன்றாமவர் அளவுகோலோடு நின்று யாருக்கு எத்தனை என்று பேசித் தீர்ப்பவர். கடைசியில் ஸ்கிப், அணித்தலைவர். எண்டின் பெரும்பகுதி எதிர்முனையில் நின்று கைகாட்டி வழிநடத்துவார், கடைசி இரண்டு பந்துகளை அவரே போடுவார். இரு தரப்பும் சேர்த்து ஓர் எண்டுக்குப் பதினாறு பந்து. உன் பந்து எவ்வளவு அழகாகப் போய் நின்றாலும் பின்னால் வருகிற எதிராளி அதைத் தட்டிவிடலாம், உன் ஆளே தவறித் தட்டிவிடலாம். 23 வயதில் இந்தப் பள்ளியில் படித்த ஒருவருக்கு, தன் பந்தைத் தாண்டிக் களம் முழுவதையும் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

அதற்குப் பிறகு பல காமன்வெல்த் விளையாட்டுகள். ஆனால் அவர் வாழ்க்கையின் நடுப்பகுதியில் தனியாக நிற்பது புல்லில் கிடைத்த வெற்றி அல்ல.

பிரிட்டனில் புல் ஆட்டம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர்வரைதான். மழையும் குளிரும் வந்ததும் எல்லோரும் கூரைக்குள் போய்விடுவார்கள். அங்கே கம்பளம். உலக உள்ளரங்கப் போட்டி 1979இல் ஸ்காட்லாந்தின் கோட்பிரிட்ஜில் ஆரம்பித்தது. முதல் மூன்று ஆண்டும் பிரையன்ட்தான். பிபிசி அதைக் காட்டத் தொடங்கியதும், குளிர்கால மதியங்களில் வீட்டிலிருந்தவர்களுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. 1985இல் வேல்ஸின் டெர்ரி சல்லிவன் வென்றார், 1990இல் ஜான் பிரைஸ். 1999 முதல் போட்டி நார்ஃபோக் கடற்கரையில் ஹாப்டன் ஊரிலுள்ள ஒரு விடுமுறை விடுதிக்குக் குடிபெயர்ந்தது. நீலக் கம்பளத்தில், விளக்குகளுக்குக் கீழே, சுற்றிலும் பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க நடக்கும் ஆட்டம். 2000ஆம் ஆண்டு ஒற்றையர் பட்டம் வீலுக்கு.

கம்பளத்தில் காற்று கிடையாது, ஈரம் கிடையாது, காலையில் ஒரு வேகம் மாலையில் ஒரு வேகம் என்பதும் கிடையாது. எளிதாகத் தெரியலாம். ஆனால் அந்த எளிமை இருவருக்கும் பொது. எதிராளியும் பந்தைக் கொண்டுபோய் ஜாக்கைத் தொட்டபடி நிறுத்துவார். அப்போது நெருக்கமாக வைப்பது மட்டும் போதாது. எதிராளி கட்டி வைத்ததைக் கலைக்கத் தெரியவேண்டும். முழு வேகத்தில் அடித்துச் சிதறடிப்பது ஒரு வழி. அதைவிட நுணுக்கமானது, ஜாக்கையே மெல்ல இழுத்துக்கொண்டு பின்னால் தன் பந்துகள் காத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. ஜாக்கைத் தொட்ட பந்துக்குச் சுண்ணக்கட்டியால் குறி போடுவார்கள். அந்தப் பந்து பிறகு பின்பள்ளத்தில் விழுந்தாலும் உயிரோடுதான் இருக்கும். ஜாக்கும் தன் ரிங்கின் அகலத்துக்குள் பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும். இரண்டும் சேர்ந்து பள்ளத்துக்குள் போய், அங்கே ஒரே ஒரு குறிபோட்ட பந்து மட்டும் கிடக்க, மேலே ஏழெட்டுப் பந்து கம்பளத்தில் இருந்தும் பயனில்லாமல் போகிற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் மந்தமானது என்று சொல்ல வாய் வராது.

புல்லிலும் கம்பளத்திலும் உச்சத்தைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. பிரையன்ட் இரண்டிலும் உலக ஒற்றையர் சாம்பியன். டோனி ஆல்காக்கும் அப்படியே: உள்ளரங்கில் 1986, 1987, 2002; திறந்தவெளியில் 1992, 1996. வீலை அந்த இருவரின் வரிசையில் வைக்க எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. உலகத் திறந்தவெளி ஒற்றையர் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. வேல்ஸ் ஆண்களில் அது இவான்ஸோடு நின்றுவிட்டது. புல்லில் அவருடைய பெருமை முழுவதும் காமன்வெல்த்தில்தான் இருக்கிறது.

அது ஏதோ இரண்டாம் தரப் பெருமை என்றும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பவுல்ஸ் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் காமன்வெல்த்தில், 1930இல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கியது முதல், 1966 கிங்ஸ்டன் ஒன்றைத் தவிர எல்லா முறையும் இருந்திருக்கிறது. இந்த ஆட்டக்காரர்களுக்கு அதுவே ஒலிம்பிக். வேல்ஸ்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒலிம்பிக்கில் வேல்ஸ் என்று ஒரு அணி கிடையாது, பிரிட்டன் மட்டும்தான். பல விளையாட்டுகள் கூடும் பெரிய மேடையில் சிவப்பு டிராகன் கொடியோடு, தங்கள் சொந்த நாட்டுப் பண்ணைக் கேட்டபடி நிற்கக் கிடைக்கும் இடம் காமன்வெல்த்தான். முப்பது லட்சம் பேர் கொண்ட நாட்டில் ஒவ்வொரு தங்கமும் பெயரோடு நினைவில் நிற்கும்.

2006 மெல்போர்ன். வீல் ஒற்றையர் இறுதிவரை போனார். எதிரே ஆஸ்திரேலியாவின் கெல்வின் கெர்கோ. ஆடுவது அவருடைய சொந்த நாட்டுப் புல்லில். கெர்கோவுக்குத் தங்கம், வீலுக்கு வெள்ளி. நாற்பத்து இரண்டு வயதில் ஒரு வெள்ளியோடு ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நல்ல வாழ்க்கை, நல்ல முடிவு என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியிருக்கும்.

நான்காண்டு கழித்து டெல்லிக்கு வந்தார். மறுபடியும் ஒற்றையர் இறுதி, மறுபடியும் எதிரே ஓர் ஆஸ்திரேலியர். இந்த முறை தங்கம். லீஃப் செல்பி யார் என்பதை அடுத்து நடந்தது காட்டியது: 2012இல் அடிலெய்டில் உலக ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவர்தான். உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த ஒருவரைத்தான் 47 வயதுக்காரர் வென்றிருக்கிறார்.

ஒற்றையர் என்பதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. நால்வர் ஆட்டத்தில் உன் இரண்டு பந்தும் சொதப்பினால் காப்பாற்ற மூன்று பேர் உண்டு. இங்கே நான்கும் உன்னுடையவை. ஓர் எண்டில் எதிராளியின் மூன்று பந்து ஜாக்கைச் சூழ்ந்துவிட்டது, உன் கையில் கடைசிப் பந்து என்று வையுங்கள். அடித்துச் சிதறடிக்கப் பார்க்கலாம். பட்டால் எல்லாம் மாறும், தவறினால் மூன்று புள்ளி போச்சு. அல்லது மெல்ல உள்ளே வளைத்து இரண்டாவது நெருக்கமான பந்தாக வைத்து, இழப்பை ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். இளம் கைகளுக்கு முதலாவதுமேல் ஆசை அதிகம். ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த எண்டுக்கு நடந்துபோகிற நிதானம், தோற்றுத் தோற்றுத்தான் வரும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் "வயசானவங்க ஆட்டம்" என்பவர்கள் ஒரு நாள் முழுக்க இதை ஆடிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு காலை முன்வைத்து முழங்கால் மடக்கித் தரையளவுக்குத் தாழவேண்டும். ஓர் ஆட்டத்தில் அப்படிப் பல பத்து முறை, ஒரு நாளில் இரண்டு மூன்று ஆட்டம், குழுச் சுற்றில் தொடங்கி நாள்கணக்காக. இடையில் உட்கார நேரமில்லை, முனைக்கு முனை நடை. டெல்லி அக்டோபர் வெயிலும் சேரும். முப்பது மீட்டருக்கு அப்பால் ஜாக்குக்கும் அதன் பின்னாலுள்ள பந்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று கண் சொல்லவேண்டும். வயது ஏற ஏற முதலில் கைவிடுவது முழங்காலும் கண்ணும்தான். கடைசிவரை இருப்பது தளத்தைப் படிக்கும் அறிவு.

அந்த அறிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அதீத உதாரணங்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் வில்லி வுட் 1982 பிரிஸ்பேன் ஒற்றையர் சாம்பியன். அதே டெல்லியில் 72 வயதில் ஆடினார், அது அவருக்கு எட்டாவது காமன்வெல்த். 2022 காமன்வெல்த்தில் பார்வைக் குறைபாடுள்ளோர் ஜோடிப் பிரிவில், ஸ்காட்லாந்து அணியில் வழிகாட்டியாக நின்று பந்தின் போக்கைச் சொல்லித் தந்த ஜார்ஜ் மில்லருக்கு வயது 75. தங்கம் வாங்கினார்.

ஆனால் இந்த வரிசையைக் காட்டி ஆட்டம் முதியவர்களின் கையில் இருப்பதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். 2018 கோல்ட் கோஸ்ட் ஜோடி இறுதியில் ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் மார்ஷலும் பால் ஃபாஸ்டரும் இறங்கினார்கள். 2006, 2014 இரண்டிலும் ஜோடித் தங்கம் வென்ற ஜாம்பவான்கள். அவர்களை 12-10 என்று சாய்த்தது வேல்ஸின் டேனியல் சால்மன், மார்க் வயட் ஜோடி. நான்காண்டு கழித்து சால்மன் வேறு துணையோடு, ஜாரட் பிரீனோடு, இங்கிலாந்து ஜோடியை அவர்கள் சொந்த மண்ணிலேயே வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். வீலின் டெல்லித் தங்கத்துக்குப் பிறகு வேல்ஸ் பவுல்ஸ் வறண்டுபோய்விடவில்லை.

அந்த 2022 விழாவில் வேல்ஸ் அணி முழுவதற்கும் தலைவராக இருந்தவரும் பவுல்ஸ்காரர்தான்: லாம்பீட்டரைச் சேர்ந்த அன்வென் பட்டன். தொழில் செவிலியர். இந்த ஆட்டத்தின் பொருளாதாரம் இவ்வளவுதான். உள்ளரங்கச் சுற்றில் சிலருக்குப் பரிசுப் பணம் உண்டு. மற்றப்படி வேலைக்குப் போய், மாலையில் பயிற்சி செய்து, விடுப்பு எடுத்துக்கொண்டு நாட்டுக்காக ஆடவேண்டும். பதக்கத்தைக் காட்டி விளம்பர ஒப்பந்தம் வாங்கிய பவுல்ஸ்காரர் யாரையும் எனக்குத் தெரியாது. ஒருவர் கால் நூற்றாண்டு ஆடினார் என்றால் அதில் பணத்தின் பங்கு அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு நூல் உண்டு. 2010இல் போட்டியை நடத்தும் நாடு என்பதால்தான் இந்தியா முதன்முறையாக காமன்வெல்த் லான் பவுல்ஸில் அணி இறக்கியது. வீல் தங்கம் வென்ற தளம் அதற்காகப் போடப்பட்டதுதான். விழா முடிந்ததும் எல்லாம் புல் முளைத்துப் போகும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே 2022 விழாவில், பெண்கள் நால்வர் ஆட்டத்தில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி நால்வரும் இறுதியில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். ஆண்கள் நால்வருக்கு வெள்ளி. நடந்த இடம் லெமிங்டன் ஸ்பா நகரின் விக்டோரியா பூங்கா. சால்மனும் பிரீனும் வென்ற அதே புல். அன்று இரவு இந்தியாவில் பாதிப் பேர் விதிகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2026 கிளாஸ்கோ காமன்வெல்த் விழா பத்தே விளையாட்டுகளாகச் சுருக்கப்பட்டது. பவுல்ஸ் தப்பித்தது. ஆனால் இந்த முறை புல்லில் இல்லை, கூரைக்குள் கம்பளத்தில் என்று முடிவானது. செலவு குறையும், மழை பயம் இல்லை, தொலைக்காட்சிக்கும் வசதி. குளிர்காலம் முழுவதும் கம்பளத்திலேயே ஆடிப் பழகிய ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இது சாதகம் என்பதில் சந்தேகமில்லை. வெயிலில் வேகமான புல்லில் வளர்ந்த ஆஸ்திரேலியர்களும், திறந்தவெளியிலேயே கற்ற நம் ராஞ்சி, அசாம் பெண்களும் கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அவர்களுக்குக் கிடைப்பது சில வாரப் பயிற்சியும், போட்டிக்கு முன் ரிங்கில் போட்டுப் பார்க்கச் சில பந்துகளும்தான்.